ஓடுகிறது என்பது உத்தரவாதம் ஆகாது

(பழைய மாணவர் சந்திப்பில் கணிப்பொறி அறிவியல் துறை மாணவ மாணவியரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பசங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேசுவதற்கு இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே எங்கள் தொழிலில் தினமும் காதில் விழுகிற ஒரு வாக்கியத்தையே இன்றைய தலைப்பாக எடுத்துக்கொண்டேன். "என் மெஷின்ல ஓடுச்சு சார்!"

லேப் தேர்வில் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் மெஷினில் உண்மையிலேயே ஓடியிருக்கும். அப்படியானால் அடுத்த மெஷினில் ஏன் ஓடவில்லை? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கணிப்பொறி படிக்காத நண்பர்களும் இங்கே இருப்பதால் இரண்டொரு விஷயத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். புரோகிராம் எழுதும்போது எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. பட்டியலை வரிசைப்படுத்த, கோப்பைத் திறக்க, திரையில் எழுத்தைக் காட்ட என்று ஏற்கெனவே எழுதி வைத்த பகுதிகள் உண்டு. அவற்றின் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். அதில் ஒவ்வொன்றும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் விதிமுறை ஆவணமும் இருக்கும். சி மொழிக்கு 1989ல் அமெரிக்கத் தர நிறுவனமும், 1990ல் ஐ.எஸ்.ஓ.வும் அப்படி ஓர் ஆவணத்தை வெளியிட்டன. விதிமுறை ஒன்றுதான். ஆனால் அதைப் பார்த்துக் கம்பைலரும் லைப்ரரியும் செய்கிறவர்கள் பல பேர். டர்போ சி ஒருவர் செய்தது, மைக்ரோசாஃப்ட் செய்தது வேறு, லினக்ஸில் இருக்கிற ஜிலிப்சி வேறு.

இந்த விதிமுறை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சில இடங்களில் வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்ளும். ஒரு மெஷினில் வேகமாக இருக்கிற வழி இன்னொன்றில் மெதுவாக இருக்கலாம். செய்கிறவருக்குக் கொஞ்சம் சுதந்திரம் வேண்டும் அல்லவா? சி மொழி இந்தச் சுதந்திரத்தை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. ஒன்று, உன் விருப்பப்படி செய், ஆனால் என்ன செய்கிறாய் என்று எழுதி வை. இரண்டு, இருக்கிற வழிகளில் எதையாவது செய், எழுதி வைக்கவும் வேண்டாம். மூன்று, இப்படி ஒரு புரோகிராமே எழுதக் கூடாது, எழுதினால் என்ன நடந்தாலும் யாரையும் கேட்க முடியாது.

ஒரு டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கால அட்டவணைப்படி காலேஜ் கேட்டில் ஸ்டாப்பிங் கிடையாது. ஆனால் டிரைவர் அண்ணன் நல்ல மனுஷன். தினமும் கேட்டுக்கு எதிரே பிரேக் போடுவார். இரண்டு வருஷம் அங்கேயே இறங்குகிறீர்கள். அதுதான் ஸ்டாப்பிங் என்று மனசில் பதிந்துவிடுகிறது. ஒரு நாள் டிரைவர் மாறுகிறார். புது டிரைவர் நிற்காமல் போய்விடுகிறார். அன்றைக்குப் பார்த்து உங்களுக்குப் பரீட்சை! புது டிரைவர் மேல் தவறு சொல்ல முடியுமா? அட்டவணையில் இல்லாத இடத்தில் அவர் ஏன் நிற்க வேண்டும்?

லைப்ரரியிலும் இப்படித்தான். விதிமுறை என்பது கால அட்டவணை. கம்பைலர் செய்கிறவர் டிரைவர். நாம் நிறையப் பேர் அட்டவணையைப் பார்க்காமல் டிரைவரின் நல்ல மனசை நம்பிப் பயணம் செய்கிறோம்.

நம் தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் எத்தனையோ பேருக்குப் பழக்கமான உதாரணம் ஒன்று சொல்கிறேன். டர்போ சி திறந்து 'ஸ்கேன்எஃப்' போட்டு ரோல் நம்பரை வாங்குவோம். அடுத்த வரியில் 'கெட்ஸ்' போட்டுப் பெயரை வாங்குவோம். ஆனால் பெயரைக் கேட்காமலே புரோகிராம் தாண்டிப் போய்விடும். ரோல் நம்பருக்குப் பிறகு நாம் தட்டிய என்டர் உள்ளே தேங்கி நிற்கிறது. அதையே காலிப் பெயராக எடுத்துக்கொள்கிறது. உடனே பக்கத்து சீட் நண்பன் வைத்தியம் சொல்வான்: "நடுவுல ஒரு எஃப்ஃப்ளஷ் எஸ்டிடிஇன் போடுடா, சரியாயிடும்." போட்டதும் சரியாகிவிடும். ரெக்கார்டு நோட்டிலும் அப்படியே ஏறிவிடும்.

எஃப்ஃப்ளஷ் என்பதன் வேலை என்ன தெரியுமா? வெளியே போக வேண்டிய தகவல் தேங்கி நின்றால் அதைத் தள்ளி அனுப்புவது. உள்ளே வருகிற தகவலுக்கு அதைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று சி விதிமுறை வரையறுக்கவே இல்லை. நான் சொன்ன மூன்றாவது வகை அது. டாஸ் கால டிரைவர் நல்ல மனசோடு தேங்கியதைத் துடைத்துக் கொடுத்தார். அதே புரோகிராமை லினக்ஸுக்குக் கொண்டுபோய் கீபோர்டில் தட்டிப் பாருங்கள், துடைக்காது. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் பல காலம் துடைத்துக் கொடுத்தது. விஷுவல் ஸ்டூடியோ 2015ல் அதுவும் நின்றுபோனது. அட்டவணையில் இருக்கிற வழி வேறு. முழு வரியையும் 'எஃப்கெட்ஸ்' மூலம் வாங்கிக்கொண்டு, அதிலிருந்து எண்ணைப் பிரித்து எடுப்பது. இரண்டு வரி கூடுதல், அவ்வளவுதான். எந்த மெஷினிலும் ஓடும்.

"சரி சார், பெயர் வாங்காமல் போனால் என்ன, மறுபடி தட்டிக்கொள்ளலாம்" என்பீர்கள். அதுவும் சரிதான், தவறு கண்ணுக்குத் தெரிகிறதே! கண்ணுக்குத் தெரியாத ரகம்தான் ஆபத்து.

ஒரு கல்லூரியில் முதல் பத்து இடம் பெறுகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை என்று வைத்துக்கொள்வோம். முதலில் பட்டியலைப் பதிவெண் வரிசையில் அடுக்குகிறோம். பிறகு சி லைப்ரரியில் இருக்கிற 'க்யூசார்ட்' மூலம் மதிப்பெண் வரிசையில் அடுக்குகிறோம். பத்தாவது பிள்ளைக்கும் பதினோராவது பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண். யார் மேலே வருவார்? "முதலில் பதிவெண் வரிசையில் இருந்ததே, அதே வரிசை அப்படியே இருக்கும்" என்று நினைப்போம். சமமானவர்களின் பழைய வரிசையைக் குலைக்காத இந்தக் குணத்துக்கு ஸ்டேபிள் என்று பெயர். க்யூசார்ட்டுக்கு அந்தக் குணம் உண்டா? விதிமுறையைத் திறந்து பாருங்கள். இரண்டு உறுப்புகள் சமமாக இருந்தால் அவற்றின் வரிசை இன்னது என்று சொல்லவில்லை. அது குயிக்சார்ட் முறையில்தான் அடுக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை!

லினக்ஸின் ஜிலிப்சியில் பல ஆண்டுகளாக க்யூசார்ட்டுக்கு உள்ளே பெரும்பாலும் மெர்ஜ் சார்ட் ஓடியது. மெர்ஜ் சார்ட் ஸ்டேபிள். அதனால் கேட்காமலே அந்த வசதி கிடைத்தது. அதன் கையேடு என்னவோ "சமமானவற்றின் வரிசையை நம்பாதே" என்று எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. கையேட்டை யார் படிக்கிறார்கள்? இப்போது அதே புரோகிராமை மூட்டை கட்டி ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் போடுகிறோம். அங்கே இருப்பது மஸல் என்ற வேறு லைப்ரரி. அதில் க்யூசார்ட்டுக்கு உள்ளே ஸ்மூத் சார்ட் ஓடுகிறது. அது ஸ்டேபிள் இல்லை. புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எர்ரர் எதுவும் வரவில்லை. ஆனால் பத்தாவது பிள்ளை பதினோராவதாகப் போகலாம்.

ஜிலிப்சியிலேயே ஒரு கூத்து நடந்தது. 2023 அக்டோபரில் அந்த மெர்ஜ் சார்ட்டை எடுத்துவிட்டு வேறு முறையை வைத்தார்கள். ஸ்டேபிள் குணத்தை நம்பியிருந்த புரோகிராம்கள் பாதிக்கப்படும் என்று தெரிந்தது. 2024 ஜனவரியில், 2.39 பதிப்பு வெளிவருவதற்கு முன்பே, மெர்ஜ் சார்ட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். விதிமுறைப்படி அவர்கள் செய்தது தவறே இல்லை. ஆனாலும் இத்தனை பேர் இறங்கிப் பழகிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தாமல் போக அவர்களுக்கு முடியவில்லை!

சமமாக வந்தால் யார் முன்னே என்பது கம்பைலர் முடிவு செய்கிற விஷயமா? மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது. நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வைப் பாருங்கள். கட் ஆஃப் சமமாக வந்தால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறந்த தேதி வரை போய், அப்போதும் சமம் என்றால் ரேண்டம் எண் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளில் பலர் அந்த ரேண்டம் எண்ணுக்காகக் காத்திருந்தவர்கள்தான். அந்த விதி பிடிக்கிறதோ இல்லையோ, எழுதியிருக்கிறது, கேள்வி கேட்கலாம். க்யூசார்ட் தன் போக்கில் எடுத்த முடிவைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? எனவே சமமானால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒப்பிடும் ஃபங்க்ஷனுக்கு உள்ளேயே எழுதுங்கள். மதிப்பெண் சமமா, பதிவெண்ணைப் பார். முடிந்தது. எந்த லைப்ரரி வந்தாலும் பட்டியல் மாறாது.

"டெஸ்ட் பண்ணிப் பார்த்தோமே" என்று சிலர் சொல்வார்கள். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கூகுள் குரோம் பிரவுசரில் பல ஆண்டுகள் சார்ட் எப்படி இருந்தது என்றால், பட்டியலில் 10 உறுப்பு வரை இன்சர்ஷன் சார்ட், அதற்கு மேல் போனால் குயிக்சார்ட். முன்னது ஸ்டேபிள், பின்னது இல்லை. நாம் டெஸ்ட் செய்ய எத்தனை உறுப்பு போடுவோம்? ஐந்து, ஆறு. அழகாக ஓடும். வாடிக்கையாளர் பதினொன்றாவதைச் சேர்த்ததும் வரிசை குலையும். அதே பக்கம் ஃபயர்ஃபாக்ஸில் சரியாகத் தெரியும், ஏனென்றால் அங்கே மெர்ஜ் சார்ட்! 2018ல் வந்த குரோம் 70ல்தான் இதை மாற்றினார்கள். 2019ல் வந்த மொழி விதிமுறை, சார்ட் ஸ்டேபிளாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியே விட்டது. டிரைவரின் பழக்கம் அட்டவணையில் ஏறிய கதை இது.

யார் மேல் தவறு என்ற வாதத்துக்கு வருகிறேன். நினைவகத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகல் எடுக்க 'மெம்காப்பி' என்று ஒன்று உண்டு. இரண்டு இடமும் ஒன்றன் மேல் ஒன்று படியக் கூடாது. படிந்தால் 'மெம்மூவ்' பயன்படுத்து என்று விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பழைய ஜிலிப்சி முன்னிருந்து பின்னாக நகல் எடுத்ததால், சில வகையில் படிந்தாலும் ஒன்றும் ஆகாமல் தப்பித்தது. புதிய இன்டெல் பிராசசர்களில் வேகத்துக்காகப் பின்னிருந்து முன்னாக நகல் எடுக்கும்படி மாற்றினார்கள். 2010 இறுதியில் ஃபெடோரா 14 வந்தபோது 64 பிட் அடோபி ஃபிளாஷ் பிளேயரில் பாட்டு கரகரவென்று கேட்டது. காரணம், ஃபிளாஷ் மெம்காப்பியைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தது.

லைப்ரரிக்காரர்கள், "விதியை மீறியது நீங்கள்" என்றார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த விவாதத்தில் இறங்கி, பயன்படுத்துகிறவருக்குத் தவறு யாருடையது என்பது முக்கியம் இல்லை, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்பதுதான் முக்கியம் என்ற பக்கம் வாதாடினார். முடிவில் ஜிலிப்சி 2.14ல் ஒரு சமரசம் வந்தது. பழைய புரோகிராம்களுக்குப் பழையபடி பாதுகாப்பான நகல். புதிதாகக் கம்பைல் செய்கிறவற்றுக்குப் புதிய மெம்காப்பி.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரே லைப்ரரி, ஒரே பதிப்பு. பிராசசர் மாறினாலே நடத்தை மாறியது. "என் மெஷின்ல ஓடுச்சு" என்பதன் பலவீனம் இப்போது புரிகிறதா?

பைத்தான் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்‌ஷனரியில் போட்ட வரிசையிலேயே உறுப்புகள் வரும் என்று இன்று எல்லோரும் நம்புகிறோம். இன்று அது சரி. 2016 டிசம்பரில் வந்த 3.6ல் அது சிபைத்தானின் உள் ஏற்பாடு மட்டும்தான். 2018ல் வந்த 3.7ல்தான் மொழியின் உத்தரவாதம் ஆனது. அதற்கு முன் எழுதிய எத்தனையோ புரோகிராம்களில் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. இன்னொன்று: கோப்பைத் திறந்து எழுதிவிட்டு மூடாமலே விட்டுவிடும் பழக்கம். சிபைத்தானில் அந்தக் கோப்பை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால் உடனே அதுவே மூடிவிடும். அதே பைத்தானை பைபையில் ஓட்டினால், குப்பை அள்ளுகிற வேலை எப்போது நடக்கிறதோ அப்போதுதான் மூடும். அதுவரை நீங்கள் எழுதிய தகவல் டிஸ்க்குக்குப் போகாமலே இருக்கலாம். 'வித்' என்று ஒரு சொல் போட்டு எழுதினால் இரண்டிலும் ஒழுங்காக மூடும்.

ஜாவாவில் 2011ல் 7வது பதிப்பு வந்தபோது, ஒரு கிளாஸில் உள்ள மெத்தட்களைப் பட்டியலிடும் வரிசை மாறியது. அந்த வரிசையில்தான் டெஸ்ட் ஓடும் என்று நம்பி, முதல் டெஸ்ட் போட்டு வைத்த தகவலை இரண்டாவது டெஸ்ட் பயன்படுத்தும்படி எழுதியவர்களுக்கெல்லாம் தலைவலி. ஜேயூனிட் 4.11ல் தாங்களே ஒரு நிலையான வரிசையை வைக்க வேண்டியதாயிற்று.

இந்தத் தொல்லையை முளையிலேயே கிள்ள கோ மொழிக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 2012ல் வந்த கோ 1ல், மேப்பைச் சுற்றிவரும் வரிசையை வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் கலைத்துவிட்டார்கள். நம்பினால் முதல் வாரத்திலேயே புரோகிராம் காலை வாரிவிடும், நீங்களும் திருத்திக்கொள்வீர்கள். தினமும் வேறு வேறு இடத்தில் நிறுத்துகிற டிரைவரை நம்பி யாரும் பழக மாட்டார்கள் அல்லவா? பார்க்கக் கொடுமையாகத் தோன்றும். என்னைக் கேட்டால் இது பெரிய உபகாரம்.

கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் என்பவரின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. பயன்படுத்துகிறவர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது பொருட்டே இல்லை; வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார் என்பது அதன் சாரம். லைப்ரரி எழுதப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள், அந்த "யாரோ ஒருவர்" நாமாக இருக்கக் கூடாது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது நான்கே விஷயம்.

ஒன்று: ஒரு ஃபங்க்ஷனை முதல்முறை பயன்படுத்தும்போது அதன் கையேட்டுப் பக்கத்தை ஒருமுறையாவது படியுங்கள். என்ன சொல்லியிருக்கிறது என்பதோடு, என்ன சொல்லாமல் விட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

இரண்டு: வரிசை முக்கியம் என்றால் அந்த வரிசையை நீங்களே எழுதுங்கள். கோப்பு மூடப்பட வேண்டும் என்றால் நீங்களே மூடுங்கள். தேவையை வாய்விட்டுக் கேளுங்கள்.

மூன்று: ஒரே மெஷினில் நூறு முறை ஓட்டுவதைவிட இரண்டு வேறு கம்பைலரில் ஒவ்வொரு முறை ஓட்டுவது மேல். ஜிசிசி, கிளாங் இரண்டும் இலவசம். எச்சரிக்கைகளை அணைத்து வைக்காதீர்கள். டெஸ்டில் பத்து உறுப்போடு நிறுத்தாமல் ஆயிரம் போடுங்கள். சம மதிப்புகளை வேண்டுமென்றே நிறையப் போடுங்கள்.

நான்கு: வேறு வழியே இல்லாமல் ஒரு லைப்ரரியின் தனிப் பழக்கத்தை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், பாதகம் இல்லை. இன்ன லைப்ரரி, இன்ன பதிப்பு, இதை நம்பியிருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். அதைச் சோதிக்க ஒரு டெஸ்டும் எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த புரோகிராமைத் திறக்கப் போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

ஆசிரியப் பெருமக்களிடமும், கம்பெனிகளில் நேர்முகத் தேர்வு நடத்துகிற என் நண்பர்களிடமும் உரிமையோடு ஒரு வேண்டுகோள். ஒரே 'பிரின்ட்எஃப்'பில் ஐ, ஐ பிளஸ்பிளஸ், பிளஸ்பிளஸ் ஐ மூன்றையும் போட்டு "விடை என்ன?" என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. சி விதிமுறைப்படி அதற்கு விடை கிடையாது. ஒரு குறிப்பிட்ட கம்பைலரில் வந்த எண்ணை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு மார்க் போடுகிறோம். "இதற்கு உத்தரவாதமான விடை இல்லை சார்" என்று சொல்கிற பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறோம். வேலைக்கு முதலில் எடுக்க வேண்டியது அந்த இரண்டாவது பிள்ளையைத்தான்.

நாம் எழுதுகிற புரோகிராம் நம் மேஜையோடு நின்றுவிடுவதில்லை. அது ஒரு மருத்துவமனையில் வரிசை எண் கொடுக்கலாம். ஒரு வங்கியில் வட்டி போடலாம். ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்ததா இல்லையா என்று சொல்லலாம். அங்கே போய் நின்றுகொண்டு "என் மெஷின்ல ஓடுச்சு" என்று சொல்ல நமக்கு வாய்ப்புக் கிடைக்காது. லேப்பில் இருக்கிற இந்த நான்கு வருஷத்திலேயே அட்டவணையைப் பார்த்து பஸ் ஏறப் பழகிக்கொள்ளுங்கள்.